‘அங்கே வலிக்கிறது’ என்று யாரிடம் போய்ச் சொல்வது?

குழந்தை பிறந்த எட்டாவது மாதம் அது. உறவு வைத்துக்கொள்ளப் போனால் கீறியதுபோல் எரிச்சல். கைனகாலஜிஸ்ட் ஒருவரிடம் நேரம் வாங்கிக்கொண்டு போனேன். காத்திருந்த முக்கால் மணி நேரமும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் “சொல்லுங்கம்மா” என்றார். என் வாயிலிருந்து வந்தது: “கொஞ்சம் வெள்ளைப்படுது டாக்டர்.” பூஞ்சைத் தொற்றுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர்மேல் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. நான் சொன்ன நோய்க்கு அவர் மருந்து கொடுத்தார். எனக்கு அந்த நோய் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் நாலைந்து மாதம் சுற்றினேன். மருந்துக்கடை, வீட்டுக்கு வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவர், போனில் ஓர் ஆலோசனை, கடைசியில் வேறொரு கைனகாலஜிஸ்ட், அவர் அனுப்பி ஒரு பிசியோதெரபிஸ்ட். ‘இதற்கெல்லாம் யாரிடம் போவது’ என்று தோழிகள் கேட்கும்போது இன்றைக்கும் நான் ஒரே பதில் சொல்வதில்லை. வலியா, வறட்சியா, ஆசையே இல்லையா, பயமா என்று முதலில் கேட்பேன். அதைப் பொறுத்து கதவு மாறும். ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும், உள்ளே போய் ‘வெள்ளைப்படுது’ என்று மழுப்பினால் கையில் கிடைப்பது அதற்கான மாத்திரைதான். ஆகவே இந்த ஒப்பீட்டில் இரண்டும் வரும்: யாரிடம் போவது, போன இடத்தில் வாயைத் திறப்பது எப்படி.

யோசிக்கவே நேரம் எடுத்துக்கொள்ளக் கூடாத சில உண்டு, அவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறவுக்குப் பிறகு ரத்தம் வருவது. மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபின் சொட்டு ரத்தமானாலும் வருவது. காய்ச்சலோடு அடிவயிற்று வலி. பிறப்புறுப்பில் கொப்புளமோ புண்ணோ. இவற்றுக்கு ஒப்பீடு எதுவும் தேவையில்லை, நேராக மகளிர் மருத்துவரிடம்தான். உங்கள் விருப்பமில்லாமல் ஏதாவது நடந்திருந்தால் அன்றைக்கே போக வேண்டும்: எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள் வரை அவகாசம் இருந்தாலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

மருந்துக்கடை: சில விஷயங்களுக்கு மட்டும்

யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்பதுதான் மருந்துக்கடையின் கவர்ச்சி. வறட்சிக்கு ஒரு லூப்ரிகண்ட் ஜெல் வாங்குவதென்றால் இதில் தவறே இல்லை. தண்ணீர் சார்ந்த ஜெல், சிலிக்கான் சார்ந்த ஜெல் இரண்டுமே சரி. எண்ணெய், வாசலைன் வகை மட்டும் ஆணுறையோடு சேராது. லேடக்ஸ் ரப்பரை அது அரித்துவிடும். உறவின்போது மட்டும் போடுவது லூப்ரிகண்ட். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே போட்டுக்கொள்வது மாய்ஸ்சரைசர். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிட்டு ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று தூக்கிப் போடுபவர்கள் நிறைய.

அரிப்பு, கசிவு விஷயத்தில்தான் மருந்துக்கடை ஏமாற்றும். தயிர்த் திப்பியாகக் கசிந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. மீன் கவுச்சி வாடையோடு நீர்த்து வந்தால் அது பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்தது, அதற்குப் பூஞ்சை மருந்து வேலை செய்யாது. நுரைத்த, மஞ்சள் கலந்த கசிவு டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உறவால் பரவுவது, துணைக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும். யோனியின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு சாதாரணமாக 3.8 முதல் 4.5 வரை இருக்கும் (எண் கூடினால் அமிலம் குறைகிறது என்று அர்த்தம்). பூஞ்சையில் இது அநேகமாக மாறாது, மற்ற இரண்டிலும் 4.5-ஐத் தாண்டும். ஒரு சின்னக் காகிதத் துண்டு நிறம் மாறுவதை வைத்து மருத்துவர் சொல்லிவிடுகிற இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதைவிட வருத்தமானது, இரவில் அதிகமாக அரித்து, தோல் வெளுத்து மெலிந்துபோகும் லைக்கன் ஸ்கிளரோசஸ். பூஞ்சை க்ரீமைப் பூசிக்கொண்டே வருஷக்கணக்கில் இதோடு இருந்துவிடுகிறவர்கள் உண்டு. இதற்கான மருந்து வேறு, கண்காணிப்பும் தேவை, ஏனென்றால் கவனிக்காமல் விட்டால் சிறிய அளவில் புற்றுநோய் அபாயம் இருக்கிறது.

ஏற்கெனவே ஒரு தடவை மருத்துவர் பார்த்துச் சொன்ன அதே பூஞ்சை, அதே அறிகுறியோடு திரும்ப வந்தால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் முறையென்றால் வேண்டாம். வருஷத்தில் மூன்று நான்கு தடவை வருகிறதென்றாலும் வேண்டாம், அதற்குப் பின்னால் சர்க்கரை இருக்கலாம்.

பொது மருத்துவர்: குறைத்து எடைபோடப்படுகிறவர்

இவரைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை, வேறு எதற்கோ போன இடத்தில் தற்செயலாகச் சொன்னேன். உங்கள் முழு மருந்துச் சீட்டும் தெரிந்த ஒரே ஆள் இவர்தான். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும் அல்லது வரவிடாமலே செய்யும். இது அபூர்வமான பக்கவிளைவு இல்லை, அடிக்கடி வருவது. தைராய்டு குறைவு, சர்க்கரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், தூக்கமின்மை எல்லாமே இதில் கைவைக்கும். மாத்திரை தொடங்கிய மாதத்தையும் ஆசை குறைந்த மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். அவரே அளவை மாற்றலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் தலைசுற்றல், பதற்றம் என்று அது வேறு தொல்லை.

இடைஞ்சல் என்னவென்றால், அவர் வீட்டில் எல்லாருக்கும் பார்ப்பவர். நம் ரகசியத்தைக் காப்பது அவருடைய தொழில் கடமைதான், ஆனாலும் அடுத்த வாரம் குழந்தையின் சளிக்கு அதே முகத்தின் முன்னால் போய் உட்கார வேண்டுமே என்று தோன்றும். அப்படித் தோன்றினால் அது நியாயமான காரணம், வேறு இடம் போகலாம். உள் பரிசோதனை தேவைப்படும் வலிக்கு அவரே உங்களை மேலே அனுப்பிவிடுவார் என்பதால், வலிக்கு இந்தப் படியைத் தாண்டியே போகலாம்.

போனில், திரையில்

முகம் தெரியாத ஒருவரிடம் சொல்வது எளிது, ஒப்புக்கொள்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவை அந்த வாக்கியத்தை நான் முழுதாகச் சொல்லி முடித்தது போனில்தான். அந்த மருத்துவர் நாலு கேள்வி கேட்டுவிட்டு, “இதை நேரில் பார்க்காமல் சொல்வது சரியில்லை, போய்க் காட்டுங்கள்” என்றார். கட்டணம் வீண் என்று அன்றைக்கு எரிச்சல் வந்தது. அவர் செய்ததுதான் சரி. கேமராவில் பார்த்துவிட்டு மருந்து எழுதியிருந்தால் இன்னொரு சுற்று சுற்றியிருப்பேன்.

கருத்தடை மாத்திரையை மாற்றுவது, சோதனை முடிவைப் பேசுவது, ஆசை குறைவதைப் பற்றிய முதல் உரையாடல், பரிசோதனை என்ற சொல்லுக்கே நடுங்குகிறவருக்கு ஒரு தொடக்கம்: இவற்றுக்குப் போன் நல்லது. வலி, ரத்தம், புண், கட்டி இவற்றுக்கு ஆகாது. இன்னொன்று, அந்தப் போன் யாருடையது? மருந்துச் சீட்டும் நினைவூட்டல் செய்தியும் வந்து விழும் எண் வீட்டில் எல்லாரும் எடுத்துப் பார்க்கும் போனில் இருந்தால் ரகசியம் என்ற லாபமே போய்விடும்.

கைனகாலஜிஸ்ட்: எதற்கு இவர்தான், எதற்கு இவர் போதாது

வலி, வறட்சி, ரத்தம் மூன்றுக்கும் என் ஓட்டு இவருக்குத்தான். காரணம் எளிது: வலி எங்கே என்று தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர் இவர்.

இரண்டாவது மருத்துவரிடம் போனபோது நான்கு வரி எழுதிய சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “நுழையும்போது வலிக்குதா, உள்ளே ஆழத்துல வலிக்குதா?” எனக்கு இப்படி இரண்டு இருப்பதே தெரியாது. ஆனால் சிகிச்சை முழுவதும் இந்தக் கேள்வியில்தான் கிளை பிரிகிறது.

வாசலிலேயே எரிச்சலும் வலியும் என்றால் வறட்சி, தொற்று, தோல் நோய், பிரசவத் தையல் போட்ட இடத்துத் தழும்பு, தொட்டாலே சுடுகிற வல்வோடினியா என்ற நரம்பு வலி, தானாக இறுகிக்கொள்ளும் வஜைனிஸ்மஸ் என்று ஒரு பட்டியல். ஆழத்தில் இடிப்பதுபோல் வலித்தால் பட்டியலே வேறு: கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பைத் தசைக்குள் அதே திசு வளரும் அடினோமயோசிஸ், சினைப்பை நீர்க்கட்டி, பழைய தொற்றால் வந்த ஒட்டுதல். எண்டோமெட்ரியோசிஸ் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆகிவிடுவதும் வழக்கம். சாதாரண ஸ்கேனில் அது தெரியாமல் போகலாம். ‘ஸ்கேன் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்ற பேச்சை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். மாதவிடாய் வலி, மலம் கழிக்கும்போது வலி, உறவில் ஆழமான வலி மூன்றும் சேர்ந்திருந்தால் ஒன்றையும் விடாமல் ஒரே மூச்சில் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் தனித்தனியாகத்தான் மாத்திரை வரும்.

எனக்கு இருந்தது சாதாரணமான கூட்டுக் கணக்கு. பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சரிந்து யோனி வறண்டிருக்கும். அதோடு தையல் தழும்பில் ஒரு புள்ளியில் மட்டும் கூர்மையான வலி. அந்த வலிக்குப் பயந்து இடுப்படித் தசை முன்கூட்டியே இறுகப் பழகியிருந்தது. மூன்றுக்கும் பூஞ்சை மாத்திரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் கொஞ்ச நாளைக்கு, ஒரு லூப்ரிகண்ட், பிசியோதெரபிக்கு ஒரு சீட்டு. முடிந்தது.

மாதவிடாய் நின்றவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உடல் சூடேறி வியர்ப்பது சில வருஷத்தில் தானாகக் குறையும். யோனி வறட்சியும், அடிக்கடி வரும் சிறுநீர்க்கடுப்பும், உறவு வலியும் அப்படிக் குறையாது, விட்டால் கூடிக்கொண்டேதான் போகும். சிறுநீர்ப் பாதையும் சேர்ந்தே பாதிக்கப்படுகிறது என்பதால் 2014-இல் மருத்துவ உலகம் இதற்கு இரண்டையும் சேர்த்துப் புதுப் பெயரே வைத்தது. உள்ளே மட்டும் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் இதற்கு நன்றாக வேலை செய்கிறது, ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர்கள் மட்டும் அந்த மருத்துவரையும் கலந்துகொண்டே இதைத் தொட வேண்டும். ‘இந்த வயசுல எதுக்கு’ என்று ஒரு மருத்துவர் சிரித்தால், அவரை மாற்றுங்கள். லேசர் வைத்து ‘இளமையாக்குகிறோம்’ என்று ஒருவர் அழைத்தாலும் நிதானிக்கவும்: அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல், இந்தப் பயன்பாட்டுக்கு அந்தக் கருவிகள் அனுமதிக்கப்படவில்லை என்றும் தீக்காயம், தழும்பு, வலி வரலாம் என்றும் எச்சரித்தது.

இனி, இவர் போதாத இடம். கைனகாலஜிஸ்ட் என்றால் தாம்பத்தியம் பற்றி எல்லாம் கேட்பார் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். அப்படியில்லை. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மகளிர் மருத்துவர்களிடம் எடுத்து 2012-இல் வெளியான ஆய்வில், உறவில் சிக்கல் உண்டா என்று வழக்கமாகக் கேட்பவர்கள் 40 சதவீதம் பேர்தான். அதில் இன்பம் கிடைக்கிறதா என்று கேட்பவர்கள் சுமார் 14 சதவீதம். அவர்களுக்கும் கூச்சம், நேரமில்லை, படிப்பில் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம். அவர் கேட்பார் என்று நாம் காத்திருக்க, நாம் சொல்வோம் என்று அவர் காத்திருக்க, நேரம் முடிந்து அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். முதலில் பேச வேண்டியது நாம்தான். அநியாயம்தான், ஆனால் நிலைமை அது.

பரிசோதனையை நினைத்துத்தான் பாதிப் பேர் தள்ளிப்போடுகிறார்கள். முதல் நாளே உள் பரிசோதனை செய்துகொண்டே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. “இன்றைக்குப் பேசுவோம், பரிசோதனை அடுத்த முறை” என்று சொல்லலாம். உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்ற கருவியில் சின்னதைக் கேட்கலாம், அதை நானே உள்ளே வைத்துக்கொள்கிறேன் என்றும் கேட்கலாம். கூட ஒரு பெண் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். ‘நிறுத்துங்க’ என்று சொன்னால் நிறுத்த வேண்டும். இவற்றில் எதற்காவது முகம் சுளிக்கும் மருத்துவர் வலியைப் பற்றிப் பேச ஏற்றவர் இல்லை. கண்ணாடி வைத்துக் காட்டி, பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு இடமாகத் தொட்டு “இங்கேயா, இங்கேயா” என்று கேட்டால், தெரிந்து செய்கிறார் என்று அர்த்தம். வலி எங்கே என்று படம் வரைவது போன்ற சோதனை அது.

பிசியோதெரபிஸ்ட், பாலியல் சிகிச்சை நிபுணர்

உடம்பில் வேறு கோளாறு இல்லை, ஆனால் உள்ளே எதுவும் போகவே மாட்டேன் என்கிறது. டாம்போன்கூட முடியவில்லை, பரிசோதனை மேசையில் கால்கள் தானாகச் சேர்ந்துகொள்கின்றன. இது வஜைனிஸ்மஸ். இதில் இடுப்படித் தசைகளுக்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்யும் வேலையை மருந்துச் சீட்டு செய்யாது. மூச்சுப் பயிற்சி, தசையைத் தளர்த்தக் கற்பது, யோனியை மெல்லப் பழக்கும் டைலேட்டர் என்ற வழவழப்பான குழல்களைச் சிறிதிலிருந்து பெரிதுவரை நீங்களே, உங்கள் வேகத்தில் பயன்படுத்துவது. மாதக்கணக்கு ஆகும், ஆனால் நன்றாகக் குணமாகும் தொல்லைகளில் இதுவும் ஒன்று. எல்லாப் பெண்ணும் இடுப்படித் தசையை இறுக்கும் கெகல் பயிற்சி செய்ய வேண்டும் என்று யாரோ எங்கோ சொன்னதைக் கேட்டு இறுகிய தசையை இன்னும் இறுக்கிக்கொள்ளாதீர்கள். இவர்களுக்குத் தேவை நேர் எதிரானது.

‘வலியில்லை, எதுவுமில்லை, ஆசைதான் இல்லை’ என்பவர்கள் கைனகாலஜிஸ்டிடம் போய் ஏமாந்து திரும்புவதே அதிகம். ஹார்மோன் சோதனைத் தாளில் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு பெண்ணின் ஆசையை அளந்து சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. இங்கே பாலியல் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரோ மனநல மருத்துவரோ முதல் கதவாக இருக்கலாம். ‘மனநலமா, எனக்குப் பைத்தியமா?’ என்ற தயக்கத்துக்கு ஒரு பதில்: 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், பாலியல் செயல்பாட்டுச் சிக்கல்களை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்து, பாலியல் நலம் என்ற தனி அத்தியாயத்துக்கு மாற்றிவிட்டது. உடம்பா மனசா என்று பிரிப்பதையே விட்டுவிட்டார்கள்.

போவதற்கு முன் இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆசை குறைந்திருப்பது உங்களுக்கு வருத்தமா, வீட்டுக்காரருக்கு மட்டும் வருத்தமா? 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் எடுத்து 2008-இல் வெளிவந்த ஆய்வில் 43 சதவீதம் பேர் ஏதோ ஒரு பாலியல் சிக்கலைச் சொன்னார்கள். சிக்கலும் இருந்து அதனால் மனவேதனையும் இருந்தவர்கள் 12 சதவீதம்தான். வேதனை இல்லாவிட்டால் மருத்துவக் கணக்கில் அது நோயே இல்லை. பல பெண்களுக்கு ஆசை முதலில் வருவதில்லை, நெருக்கம் தொடங்கிய பிறகு பின்னாலேயே வருகிறது. அது குறையும் இல்லை. சிலருக்கு நான்கு அமர்வுகள் பேசிக் கிடைத்த பெரிய பலன் இந்த ஒரு தகவல்தான். மாத்திரையும் இருக்கிறது. ஃபிளிபான்செரின் என்ற மருந்துக்கு 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலன் கொஞ்சம்தான், தினமும் சாப்பிட வேண்டும், மது அருந்துபவர்களுக்கு ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். ஆசை மருந்துக்கடையில் கிடைக்கும் என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

தனியாகவா, அவரோடா? பெண் மருத்துவரா, ஆணா?

முதல் முறை தனியாகப் போங்கள் என்பேன், இதில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய உறவு, பழைய கருக்கலைப்பு, கட்டாயப்படுத்தல், அவரிடமிருந்து தொற்றியிருக்குமோ என்ற பயம் எதையும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது சொல்ல முடியாது. யாராவது கூடவே வந்துவிட்டால், “பரிசோதனைக்கு நான் மட்டும்” என்பது எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் காரணம். இரண்டாம் முறை துணையும் வருவது நல்லது. வறட்சியும் தசை இறுக்கமும் ‘அவளுக்கு விருப்பமில்லை’ என்பதன் அடையாளம் இல்லை என்று மருத்துவர் வாயால் கேட்டால் வீட்டில் பாதி சண்டை குறையும். பிரச்சினை அவருடையதாகவும் இருக்கலாம்: சீக்கிரம் முடிந்துவிடுவதும், அவசரமும், முன்விளையாட்டு இல்லாததும் பெண்ணின் ‘வலி’ என்ற பெயரில் மருத்துவரிடம் வந்து சேர்வது புதிதல்ல.

பெண் மருத்துவரிடம் வாய் திறப்பது பெரும்பாலோருக்கு எளிது, கிடைத்தால் அவரையே தேர்ந்தெடுங்கள். ஆனால் என் அனுபவத்தில் ஐந்து நிமிடத்தில் அனுப்பியவரும் பெண், சீட்டை வாங்கிப் படித்துக் கேட்டவரும் பெண். காது கொடுப்பவரா என்பதுதான் கேள்வி. நேரம் கேட்கும்போதே “பிரசவ விஷயம் இல்லை, உறவு வலி பற்றிப் பேச வேண்டும், கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும்” என்று சொல்லிப் பாருங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் “நீண்டநாள் இடுப்பு வலி” என்று சொன்னாலும் போதும். எதிர்முனையில் வரும் பதிலிலேயே அந்த இடம் எப்படி என்று பாதி தெரிந்துவிடும்.

வாயால் சொல்வதா, எழுதிக் கொடுப்பதா? எழுதுங்கள். என் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: “உறவின்போது யோனி வாயில் எரிச்சல், வலி. பிரசவத்துக்குப் பிறகிலிருந்தே. ஒவ்வொரு முறையும் வருகிறது, பூஞ்சை மருந்தில் குறையவில்லை. பயத்தில் உறவையே தவிர்க்கிறேன்.” எங்கே, எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, வாழ்க்கையில் என்ன மாறியது: நான்கும் இருக்கின்றன. ‘ஒரு மாதிரி இருக்கு’, ‘கீழே சரியில்லை’ என்பவை இதில் இல்லை. மாதவிடாய் தேதி, சாப்பிடும் மாத்திரைகள், கருத்தடை முறை மூன்றையும் கீழே சேர்த்துவிட்டால் அவர் கேட்கப்போகும் அடுத்த கேள்விகள் முடிந்துவிடும். பேச வேண்டியதைக் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள். எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தபடி “அப்புறம் இன்னொன்னு டாக்டர்…” என்று தொடங்குவது நம் எல்லாருக்கும் பழக்கம். அந்த நேரத்தில் அவர் மனசு அடுத்த ஃபைலுக்குப் போயிருக்கும்.

எவ்வளவு நாள் பொறுத்துப் பார்த்து அடுத்த கதவுக்குப் போவது என்று கேட்டால், அது மருந்தைப் பொறுத்தது. சரியான தொற்றுக்குச் சரியான மருந்து என்றால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜனுக்குச் சில வாரம், முழுப் பலனுக்கு மூன்று மாதம் வரை கொடுக்கலாம். டைலேட்டர், பிசியோதெரபிக்கு மாதங்கள். கருத்தடை மாத்திரை போன்ற ஹார்மோன்களை எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகத்தில் கொடுத்தால் வழக்கமாக மூன்று மாதம் பார்ப்பார்கள். இந்தக் கெடுவுக்குள் நகர்வே இல்லையென்றால், போன இடத்து ஃபைலையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் போங்கள். அங்கே முதல் வரியாக, ஏற்கெனவே எதெல்லாம் கொடுத்தார்கள், எது கேட்கவில்லை என்பதை எழுதிக்கொண்டு போங்கள்.